வரைந்தவருக்கு ஐந்து தாள்

என் தொழிலில் நான் செய்த மிகக் கேவலமான காரியத்தை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் செய்தேன். அதற்கு முக்கால் மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை.

இந்தக் கல்லச்சுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். இத்தனை தாள்தான் என்று முடிவு செய்து அடித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போடும் ஓவியங்களில் சிலவற்றுக்கு மட்டும் எண் போடாமல் 'வரைந்தவர் படி' என்று எழுதித் தனியே வைக்கிறோமே, அது மற்றவற்றைவிட உசத்தியா, மட்டமா என்று. இரண்டும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகு மனசு கேட்கவில்லை. அதை நான் தெரிந்துகொண்ட விதத்தையும் சொல்லியிருக்க வேண்டும். ஓய்வு பெற்றுவிட்டேன். இனி யாரிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

இந்த இருபதாம் நூற்றாண்டு பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். பாளையங்கோட்டையில், கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் ஒரு கல்லச்சுக்கூடத்தில் நான் படம் வரைபவனாக இருந்தேன். துணிமூட்டையில் ஒட்டும் சீட்டுக்கு மயில், சிங்கம். பள்ளிக்கூடங்களுக்குப் பூகோளப் படம். கலியாணக் கடுதாசிக்கு ஓரச் சித்திரம். கல்லில் மெழுகுக் குச்சி பிடிக்கும் கை அந்த ஊரில் என் கை ஒன்றுதான் என்ற நினைப்பு எனக்கு.

அப்போதுதான் மீரான் வந்து சேர்ந்தார். மேலப்பாளையத்து நெசவுக் குடும்பம். என்னைவிட ஆறு வயசு இளையவர். எங்கேயும் படித்து வரையக் கற்றவர் அல்ல. சேலைக் கரைக்குக் கட்டம் போட்டுப் பழகிய கை. முதல் நாள் முதலாளி அவரிடம் ஒரு சின்னக் கல்லைக் கொடுத்து, "என்னத்தையாவது வரைஞ்சு காட்டும், பாப்போம்" என்றார். மீரான் ஒரு கிணற்றடியை வரைந்தார். இரண்டு குடம், ஒரு கயிறு, ஈரமான தரை. தரை ஈரமாக இருக்கிறது என்று கல்லில் எப்படிக் காட்டினார் என்று நான் அன்று முழுவதும் குனிந்து குனிந்து பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தக் கிணற்றடியின் ஒரு படியை வீட்டுக்கு எடுத்துப்போய் என் மனைவி எஸ்தரிடம் காட்டினேன். என் படம் எதைக் காட்டினாலும் அவள் உடனே "நல்லாயிருக்கு" என்பாள். இதைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "இது யாரு வரைஞ்சது?" என்று கேட்டாள். எனக்கு நெஞ்சில் ஏதோ இறங்கியது. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க எனக்கு மேலும் சில வருஷங்கள் தேவைப்பட்டன.

ஆறு மாதத்தில் வரைகிற வேலை எல்லாம் மீரானிடம் போனது. முதலாளி என்னைப் பிரஸ்ஸுக்கு மாற்றினார். கல்லுக்கு ஈரம் கொடுப்பது, மை உருட்டுவது, தாள் வைத்து அழுத்தி எடுப்பது. சம்பளம் குறையவில்லை. "உம்ம கை மாதிரி எடுக்க இங்கன ஆள் கிடையாது ஞானமுத்து" என்று முதலாளி சொன்னார். உண்மையாகவே சொன்னார். நான் அதைச் சமாதானப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் கால்வாய் வேலைகளைப் பார்த்துவந்த ஒரு துரையின் மனைவி எங்கள் அச்சுக்கூடத்துக்கு வந்தார். அவருடைய ஊரில் ஓவியம் படித்தவர். மீரானின் படங்களைப் பார்த்துவிட்டு, சேரன்மகாதேவிப் பக்கத்து ஆற்றங்கரையைப் பெரிய கல்லில் வரைந்து தரச் சொன்னார். இரண்டு நாளில் ஒரு கடிதமும் வந்தது. முதலாளி அதைத் தமிழில் சொன்னார்.

ஐம்பது தாள்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓவியர் பென்சிலால் கையெழுத்தும் எண்ணும் போட வேண்டும். ஐம்பது முடிந்ததும் கல்லின் குறுக்கே கீறிவிட வேண்டும். பிறகு ஒருவராலும் எடுக்க முடியாது. அந்த ஐம்பதுக்கு வெளியே ஐந்து தாள் ஓவியருக்கு. அவர் அதை வைத்துக்கொள்ளலாம், யாருக்காவது கொடுக்கலாம், வேலை கேட்கப் போகும் இடத்தில் காட்டலாம். பத்துக்கு ஒன்று என்பது அவர்கள் ஊர் வழக்கம். அந்த ஐந்தும் ஐம்பதைப் போலவே இருக்க வேண்டும்.

"அச்சடிக்கிறவனுக்கு?" என்று கேட்டேன்.

முதலாளி கடிதத்தை இன்னொரு முறை பார்த்தார். "எதைப் பாத்து மத்ததை எடுக்கணும்னு ஓவியர் ஒரு தாளை ஒத்துக்கிடுவாருல்லா? வேலை முடிஞ்சதும் அந்த ஒண்ணு அச்சடிச்சவருக்காம்."

அவருக்கு ஐந்து, எனக்கு ஒன்று. கல்லைத் தேய்த்தவன் நான், மை அரைத்தவன் நான், தோள் வலிக்க இழுக்கப் போகிறவன் நான். அன்றிலிருந்து அந்த ஐந்து தாள் என் கண்ணைக் குத்த ஆரம்பித்தது.

மீரான் பத்து நாள் சேரன்மகாதேவிக்குப் போய் உட்கார்ந்து காகிதத்தில் வரைந்துகொண்டு வந்து, பிறகு கல்லில் ஏற்றினார். ஆற்றில் இறங்கும் இரண்டு வண்டிகள், அக்கரையில் வயல், தூரத்தில் மலை. படத்தின் உயிர் நடுவில் இருந்த தண்ணீர். ஆழமில்லாத இடத்தில் அடி மணல் தெரியும்படி, அவ்வளவு மெல்லிய புள்ளிகளால் வரைந்திருந்தார்.

சோதனைப் படிகள் எடுக்க ஆரம்பித்தோம். முதலாவதைப் பார்த்துவிட்டு, "மலை முன்னால வந்து நிக்கி" என்றார். கல்லில் கொஞ்சம் சுரண்டினார். இரண்டாவதில் வண்டிச் சக்கரம் சரியில்லை என்றார். மூன்றாவது, நான்காவது. ஏழு முறை மறுத்தார். ஒவ்வொரு முறையும் அவர் திருத்தியது சரிதான் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு தடவைகூட வாய் திறந்து சொல்லவில்லை. என்னை வேண்டுமென்றே அலைக்கழிக்கிறார் என்று மற்ற ஆட்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எட்டாவது தாளைத் தூக்கிக் காட்டியபோது மீரான் சுரண்டும் கத்தியைக் கீழே வைத்தார். பக்கத்தில் வந்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நான் கல்லுல வரைஞ்சதைவிட இதுல தெளிவா இருக்கு."

பென்சிலை எடுத்து ஓரத்தில் 'இதுபோல எடுங்க' என்று எழுதினார். அந்தத் தாளைப் பிரஸ்ஸுக்கு எதிரே சுவரில் ஆணியடித்து மாட்டினோம். இனி எடுக்கும் ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

வியாழக்கிழமை முப்பது எடுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் மீதி இருபது. ஒன்றுக்கொன்று வித்தியாசம் சொல்ல முடியாது. அந்த ஐம்பதை எடுத்த கையைப் பற்றி இன்றும் எனக்குக் கூச்சம் கிடையாது. ஐம்பதாவது தாளைக் கொடியில் போட்டபோது வெயில் ஏறிவிட்டது. பங்குனி மாதம். மீரான் ஜும்ஆவுக்குக் கிளம்பினார்.

"கல்லு சூடாகிட்டு அண்ணாச்சி. கோந்து பூசி மூடி வையுங்க. நான் தொழுதுட்டு வந்துருதேன், பொழுது சாய்ஞ்சு பைய எடுப்போம்."

"சரி, போயிட்டு வாரும்" என்றேன்.

உங்களுக்குத் தெரியும், கல் சூடானால் ஈரம் நிற்காது. ஈரம் நிற்காத இடத்தில் மை ஏறும். மெல்லிய புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளை முதலில் அடைத்துக்கொள்ளும். எனக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் கோந்து பூசிக் கல்லை ஆறவிடவில்லை. தாளை வைத்தேன், இழுத்தேன்.

முதல் தாளிலேயே புள்ளிகள் அடைக்க ஆரம்பித்தன. இரண்டாவதில் தண்ணீர் மங்கியது. அதை எடுத்துப்போய்ச் சுவரில் இருந்ததன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது. திரும்பி வந்து மூன்றாவதை வைத்தேன். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். அவசரம் என்று யாரும் சொல்லவில்லை. 'ஐம்பதும் சரியாக இருக்கிறது, துரைசாணிக்குக் குறை இல்லை, இது அவனுக்குத்தானே' என்ற ஒரே நினைப்புதான் இருந்தது. ஐந்தாவது தாளில் ஆறு சேறாகிவிட்டது. அடி மணல் இருந்த இடத்தில் கரி அப்பியது மாதிரி ஒரு கறை. அதைப் பார்த்து எனக்கு ஒரு திருப்தி வந்தது. பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. பல்வலி கொஞ்சம் அடங்கின மாதிரி.

சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்த துரைசாணி சீக்கிரமே வந்துவிட்டார். கொடியில் தொங்கிய ஐம்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் எடுத்தாயிற்றா என்று முதலாளி மூலம் கேட்டார். ஆயிற்று என்றேன். அப்படியானால் கல்லைக் கீறிவிடலாம் என்றார். ஓவியர் வரட்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். முதலாளி கத்தியை நீட்டினார். மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்தேன். மீரான் குல்லாவோடு உள்ளே நுழைந்தபோது கல்லின்மேல் பெருக்கல் குறி இருந்தது.

அவர் முகம் ஒரு கணம் மாறியது. "அஞ்சு?" என்றார்.

"எடுத்து வச்சிட்டேன்" என்றேன். ஐந்தையும் மெல்லிய காகிதம் இடைவைத்து அட்டையில் கட்டியிருந்தேன். "மை காயலை. பதினஞ்சு நாளைக்குப் பிரிக்காதியும்."

அவர் நம்பினார். திங்கட்கிழமை ஐம்பதிலும் கையெழுத்துப் போட்டு முடித்ததும் சுவரில் இருந்த தாளைக் கழற்றி, சுருட்டி, நூல் கட்டி என்னிடம் கொடுத்தார். "இது உங்களுக்கு அண்ணாச்சி." நான் அதை வீட்டு அலமாரி மேலே தூக்கிப் போட்டேன். துரைசாணி அந்த வாரமே ஐம்பதையும் பெட்டியில் வைத்துச் சீமைக்கு அனுப்பிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து மீரானுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. மெட்ராஸில் ஓர் ஓவியப் பள்ளியில் கல்லில் வரையக் கற்றுக்கொடுக்க ஆள் தேடினார்கள். தானே கல்லில் வரைந்து அச்சான படம் ஒன்றை நேரில் கொண்டு வர வேண்டும். கிணற்றடி சோதனைக்கு வரைந்த சின்னப் படம், மற்றதெல்லாம் துணிச் சீட்டுகள். அவற்றில் கடைக்காரர் பெயர்தான் இருக்கும். காட்டும்படியாக இருந்தது அந்த ஆறு ஒன்றே. புறப்படுவதற்கு முந்தின நாள் கட்டைப் பிரித்திருக்கிறார்.

நான் மை அரைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து தாளையும் கொண்டு வந்து என் முன்னால் மேஜையில் விரித்தார்.

"இது எப்படி அண்ணாச்சி இப்படி வந்துச்சு?"

"அம்பதுக்கு மேல கல்லு அப்படித்தான்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆயிரம் எடுத்தாலும் உங்க கையில கல்லு அடைக்காது. நான் பாத்திருக்கேன்லா."

"வெயில். நான் என்ன செய்ய முடியும்?"

அவர் நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே நான்கு ஆணித் துளைகள் இருந்தன. அந்தத் தாள் என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் தன் கையால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும். அந்தத் தெம்பில்தான் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஐந்தையும் அடுக்கிக்கொண்டு போனார்.

வீட்டில் எஸ்தரிடம் இதைச் சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னேன். மீரான் மறுநாள் காலை ரயிலுக்குப் போகிறார், படம் சரியாக அமையவில்லை என்று. அவள் முக்காலி போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த சுருளை எடுத்துத் தரையில் விரித்தாள். நான்கு மூலையிலும் கையில் கிடைத்ததை வைத்தாள்.

"இது நல்லா இருக்கே. இதை ஏன் அவருக்குக் குடுக்காம வச்சிருக்கிய?"

"அது எனக்குள்ளது. அச்சடிச்சவனுக்கு ஒண்ணுன்னு வழக்கம்."

"இல்லைங்கல. அவருக்குள்ள அஞ்சு எப்படிக் கெட்டுச்சு?"

நான் தாளின் ஓரத்தைச் சரிசெய்தேன். எஸ்தர் பதினோரு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள். என் முகத்தைப் படிக்க அவளுக்குக் கடுதாசி வேண்டாம். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் அந்தத் தாளின் முன்னால் உட்கார்ந்தேன். இன்னொன்றோடு ஒப்பிடுவதற்காக இல்லாமல் அன்றுதான் அதைச் சரியாகப் பார்க்கிறேன். தண்ணீருக்கு அடியில் மணல் தெரிந்தது. 'கல்லுல வரைஞ்சதைவிட இதுல தெளிவா இருக்கு' என்று அவர் சொன்னது பொய் இல்லை. அது என் கை செய்தது. அதற்குமுன் நான் வரைந்த எந்த மயிலும் சிங்கமும் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் நிற்காது. அது என்னிடமே இருக்க வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. அது அங்கே கிடப்பது தாங்க முடியாமலும் இருந்தது. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒன்றை, கேவலமாகச் செய்த ஒன்றை மறைக்க ஒளித்து வைத்திருக்கிறேன் என்று தோன்றியது.

விடிந்ததும் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆற்றுப்பாலம் வழியாக ரயிலடிக்கு நடந்தேன். மீரான் தகரப் பெட்டியோடு நடைமேடையில் நின்றுகொண்டிருந்தார். வழியனுப்ப வந்த அவருடைய வாப்பா கொஞ்சம் தள்ளி நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். சுருளை நீட்டினேன். மீரான் வாங்கிப் பிரித்து, பார்த்து, நெஞ்சோடு ஒரு தடவை அணைத்துக்கொண்டார். அதோடு திரும்பி வந்திருக்கலாம். வந்திருந்தால் நல்லவன் என்ற பெயரோடு வந்திருப்பேன். எதற்கோ சொல்லிவிட்டேன்.

"கோந்து பூசல. கல்லு அடைக்கிறது தெரிஞ்சுதான் எடுத்தேன்."

அவர் தாளைச் சுருட்டி நூலைத் திரும்பக் கட்டினார். பேசியபோது 'நீங்க' என்பது 'நீரு' ஆகியிருந்தது.

"ஏன் வே?"

"உமக்கு அஞ்சு. எனக்கு ஒண்ணு."

மீரான் சிரிப்பார் என்றோ அடிப்பார் என்றோ நினைத்தேன். இரண்டும் இல்லை. பெட்டியைத் திறந்து அந்த ஐந்து கெட்ட தாள்களையும் எடுத்து என் கையில் வைத்தார்.

"என் படத்தைப் பாத்துப் பொறாமைப்பட்டிருந்தீருன்னா எனக்குப் பெருமையா இருந்திருக்கும். தாளை எண்ணிப் பாத்துல்லா பட்டிருக்கீரு." பெட்டியை மூடினார். "இதுல என் பேரை நான் எழுதல. எழுதவும் மாட்டேன். ஒண்ணுகூட வெளிய வரக்கூடாது, பாத்துக்கிடும்."

ரயில் வந்தது. அவர் ஏறிவிட்டார்.

அன்றைக்கே ஐந்தையும் எங்கள் வீட்டு அடுப்பில் போட்டேன். எஸ்தர் பக்கத்தில் நின்று பார்த்தாள். அது ஒன்றைத்தான் அந்த விவகாரத்தில் உடனே சரியாகச் செய்தேன். வரைந்தவர் ஒப்புக்கொள்ளாத தாளை எந்தக் காரணத்துக்காகவும் விட்டு வைக்காதீர்கள். அது எங்கேயாவது போய் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கும். அதேபோல, எண் போடாத தாள்தானே, யார் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்று கை தளரும்போது பிரஸ்ஸை விட்டு இறங்கி வெளியே போய் நின்றுவிட்டு வாருங்கள். வரைந்தவர் படி ஐம்பதில் ஒன்றின் கூடப்பிறந்தது. அதற்குத் தனி உசத்தியும் கிடையாது, தனி மட்டமும் கிடையாது.

மீரானுக்கு வேலை கிடைத்தது. அந்தச் செய்தி வந்த அன்று நான் முதலாளியிடம் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். செய்த தப்பை ஒப்புக்கொண்டால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. கூடத்தான் செய்தது. இப்போது அவர் என் குற்றம் தெரிந்தவராகவும் ஆகிவிட்டார்.

ஒரு வருஷம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. தாமிரபரணிக் கரையை அடுத்தடுத்துப் பெரிய கல்லில் வரையப் போகிறாராம். 'இங்கன உள்ளவங்களுக்குக் கல்லு தெரியுது. தண்ணி தெரியல. நீங்க வந்தா நல்லா இருக்கும் அண்ணாச்சி' என்று எழுதியிருந்தார். மறுபடியும் 'நீங்க' என்று எழுதியிருந்தார். அதைக் கவனிக்காத மாதிரி மடித்து வைத்தேன். பதில் எழுதவில்லை. இன்னும் இரண்டு கடிதம் வந்தது. எஸ்தர், "போங்களேன், நானும் வாரேன்" என்றாள். என் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அவளிடம் சொன்னேன். அப்பா ஆழ்வார்குறிச்சியில் தினமும் வயலுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். உண்மை என்னவென்றால், அவருடைய ஆற்றை இன்னொரு முறை என் கையால் எடுத்து இன்னொருவர் பாராட்டுவதை நின்று பார்க்க என்னால் முடியாது. மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு அவர் எழுதவில்லை.

ஐரோப்பாவில் முதல் பெரிய சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் மை வாங்க முதலாளி என்னை மெட்ராஸுக்கு அனுப்பினார். மை விற்கும் கம்பெனியின் வரவேற்பறையில் உட்காரச் சொன்னார்கள். எதிர்ச் சுவரில் ஒரு படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. முக்கூடல் பக்கத்து ஆறு. மழைக்காலம். கரை வரைக்கும் தண்ணீர். யாருடைய கை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. எழுந்து பக்கத்தில் போனேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனேன். தண்ணீரில் எங்கேயாவது அடைத்திருக்கும் என்று மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்கு நின்று தேடினேன். எங்கும் அடைக்கவில்லை. மழைத்தண்ணீரின் கலங்கல் தனியாகவும், அதன் மேல் வெளிச்சம் தனியாகவும் பிரிந்து நின்றன. அப்படி எடுக்கக் கல்லுக்கு எத்தனை தடவை ஓய்வு கொடுத்திருக்க வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டது.

படத்துக்குக் கீழே, வலது ஓரத்தில், பொடி எழுத்தில் 'அச்சிட்டவர்' என்று போட்டு ஒரு பெயர் இருந்தது. எந்த ஊர்க்காரரோ, எனக்குத் தெரியாத பெயர். நான் அதை மூன்று தடவை வாசித்தேன். மை கம்பெனிக்காரர் வந்து கூப்பிட்டார். வேலையை முடித்துக்கொண்டு தெருவில் இறங்கி வெகுதூரம் நடந்த பிறகுதான் உறைத்தது, இடது ஓரத்தில் இருந்திருக்க வேண்டிய மீரான் பெயரை நான் பார்க்கவே இல்லை என்று.